போட்டு வாறம், வீமன்

எங்கட ஊர்ப்பக்கம் நாய்தான் வீட்டைக் காக்கும். நாயை ஆர் காக்கிறது என்ற கேள்வி பெரிதாக வருவதில்லை. குடும்பம் ஒரு கிழமை திருவிழாவுக்கோ கலியாணவீட்டுக்கோ போனால், பக்கத்து வீட்டு அன்ரி வேலிக்கு மேலால் சோறு போடுவா. வளவு பெரிது. மாமரத்துக்குக் கீழே நிழல், கிணற்றடியில் தண்ணி. ஆட்கள் திரும்பி வருகிற சத்தம் ஒழுங்கை முகப்பில் கேட்டவுடனேயே நாய் கேற்றடிக்கு வந்துவிடும்.

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் நாய் வளர்க்கிறவர்களுக்கு இந்த ஏற்பாடு சரிவராது. பக்கத்து வீட்டிலும் பூட்டிய கதவு, எங்கள் வீட்டிலும் பூட்டிய கதவு. அதனால்தான் கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் நாய்களை நாள் கணக்கில் காசுக்குத் தங்கவைக்கிற இடங்கள் இருக்கின்றன. இதைக் கேள்விப்பட்டதும் ஊரில் இருக்கிற மாமா ஒருவர், "நாய்க்கும் போடிங்கோ? அப்பிடியே ரியூசனுக்கும் விடுங்கோவன்" என்று சிரித்தார்.

பயந்த சுபாவமுள்ள நாயை வைத்திருப்பவர்களுக்கு இது பகிடி இல்லை. 2023 செப்டம்பரில் எங்கள் வீமனைப் பத்து இரவுகள் அப்படி ஓரிடத்தில் விட வேண்டி வந்தது. அதற்கு முன் ஆறு கிழமைகள் அவனைத் தயார்ப்படுத்தினோம். என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்பதை எழுதி வைத்தால் இன்னொருவருக்கு உதவும். நாய் வளர்க்காதவர்களும் வாசிக்கலாம், இதில் பாதிக் கதை என் அம்மாவுடையது.

முதலில் வீமன். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். இடி, சீனவெடி, பிரஷர் குக்கரின் விசில், குடை விரிக்கிற சத்தம், தலைக்கவசம் போட்ட மனிதர்கள் என்று அவன் பயப்படுகிற விசயங்களின் பட்டியல் நீளமானது. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டு றோட்டெல்லாம் வெறிச்சோடிக் கிடந்த நாட்களில், எங்கள் தொடர்மாடியின் படிக்கட்டுக்குக் கீழே வந்து ஒடுங்கிக் கிடந்தான். சாப்பாட்டுக் கடைகள் பூட்டியிருந்ததால் தெருநாய்கள் பட்டினி கிடந்த காலம் அது. பிறகு மிருக வைத்தியர் பல்லைப் பார்த்து, ஐந்து மாதமளவில் இருக்கும் என்றார்.

ஐந்து மாதம் என்பது கொஞ்சம் பிந்திய வயது. ஜோன் போல் ஸ்கொட், ஜோன் ஃபுல்லர் என்ற இருவர் அமெரிக்காவில் பல வருடங்கள் நாய்க்குட்டிகளை வளர்த்து அவதானித்து, 1965 இல் ஒரு நூலை வெளியிட்டார்கள். குட்டி பிறந்து மூன்றாம் கிழமையிலிருந்து ஏறத்தாழப் பன்னிரண்டாம் கிழமை வரையான காலம் அதற்கு மிக முக்கியமானது என்று அவர்கள் காட்டினார்கள். அந்த நாட்களில் எதை எதையெல்லாம் நல்ல விதமாகச் சந்திக்கிறதோ அவை உலகத்தில் வழமையான விசயங்கள் என்று குட்டி எடுத்துக்கொள்கிறது. பிறகு வருகிற புதிய விசயங்களைச் சந்தேகத்தோடு பார்க்கிறது. வீமன் அந்தக் கிழமைகளை எங்கே, எப்படிக் கழித்தான் என்று எங்களுக்குத் தெரியாது. குடைகளோடும் தலைக்கவசங்களோடும் அவனுக்கு நல்ல அனுபவம் இருக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

இன்னொன்றும் இருந்தது. அவன் வந்த நாளிலிருந்து வீட்டில் எப்போதும் ஆட்கள். முதலில் ஊரடங்கு, பிறகு என் ஒன்லைன் வகுப்புகள், எந்த நேரமும் வீட்டில் அம்மா. மூன்றரை வருடத்தில் ஒரு இரவுகூட அவன் எங்களைப் பிரிந்து இருந்ததில்லை.

இந்த நிலையில்தான் கனடாவில் இருக்கிற சித்தி தன் மகளின் கலியாணத்தைச் சென்னையில் வைக்கப்போகிறேன் என்று அறிவித்தா. பாதிச் சொந்தம் ரொறன்ரோவில், மீதி இலங்கையிலும் இலண்டனிலும். எல்லாரும் வந்து சேரக்கூடிய இடம் சென்னைதான். அம்மா சித்தியை நேரில் பார்த்தது கடைசியாக 2012 இல். ரிக்கெற் போடச் சொல்லி நான் கேட்டபோது அம்மா சொன்னா, "நீயும் அப்பாவும் போட்டு வாங்கோ. நான் இவனோட நிக்கிறன்."

காசுக்கு யோசிக்கிறா என்றுதான் முதலில் நினைத்தேன். இரவு சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நிற்கும்போது தானாகவே சொன்னா.

1995 ஒக்ரோபர் 30. கொக்குவிலில் அம்மாவின் வீடு. அம்மாவுக்குப் பத்தொன்பது வயது, சித்திக்குப் பதினாறு. வலிகாமத்தை விட்டு எல்லாரும் வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. மழை. இரண்டு சைக்கிளில் ஏற்றக்கூடியதை ஏற்றிக்கொண்டு, நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகருகிற சனத்தோடு சனமாகச் சேர்ந்தார்கள். வீட்டில் ஜிம்மி என்று ஒரு நாய். இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்ற எண்ணம். சோற்றுப் பானையில் இருந்ததையெல்லாம் அதற்குப் போட்டுவிட்டு, "போட்டு வாறம்" என்று சொல்லிவிட்டு அம்மா வெளிக்கிட்டா. திரும்பிப் போனது 1996 மே மாதம். வீடு இருந்தது. ஜிம்மி இல்லை.

"நான் அதைக் கட்டினபடியே விட்டிட்டு வந்திட்டன் பிள்ளை. அதுக்குப் பொய்யும் சொல்லிப்போட்டு வந்தனான்."

நான் அதற்கு முன் ஜிம்மியின் பெயரைக் கேட்டதே இல்லை. அன்றைக்கு விளங்கியது, "ஒண்டும் நடக்காது, யோசிக்காதேங்கோ" என்று நான் சொல்லி அம்மாவின் மனம் மாறப்போவதில்லை. ஆகவே ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். ஆறு கிழமை முயற்சி செய்வது. அதற்குள் வீமன் வெளியில் ஒரு இரவைத் தாங்கினால் அம்மா வருவா. தாங்காவிட்டால் அம்மா நிற்பா, யாரும் வற்புறுத்துவதில்லை.

நாய்க்கு "பத்து நாளில் வருவோம்" என்று சொல்லி விளங்கப்படுத்த முடியாது. அதற்குத் தெரிந்தது, இதற்கு முன் நடந்தது என்ன என்பது மட்டும்தான். போனவர்கள் பல தடவை திரும்பி வந்திருந்தால், இந்த முறையும் வருவார்கள் என்று எதிர்பார்க்க அதற்கு ஒரு காரணம் இருக்கும். நாங்கள் செய்த எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்த ஒரு யோசனைதான்: பெரிய பிரிவுக்கு முன் சின்னச் சின்னப் பிரிவுகள், ஒவ்வொன்றின் முடிவிலும் திரும்பி வருதல்.

இடம் தேடுவதில் தொடங்கினோம். முதலாவது இடத்தில் கேற்றடியில் வைத்தே கதைத்தார்கள். நாயைத் தந்துவிட்டுப் போகலாம், உள்ளே வந்து பார்க்க முடியாது என்றார்கள். அப்படியே திரும்பிவிட்டோம். இரண்டாவது இடம் சுத்தமாக இருந்தது. ஆனால் கூடுகள் நேருக்கு நேராக இருந்தன. ஒரு நாய் குரைத்தால் எதிரில் இருக்கிற நாய் கண்ணை மூடினாலும் தப்ப முடியாது. துணிச்சலான நாய்க்கு அது பரவாயில்லை. வீமனுக்குச் சரிவராது.

மூன்றாவது இடம் பிலியந்தலைப் பக்கம். வயதான ஒரு சிங்கள அங்கிள் தன் வீட்டுக்குப் பின்னால் ஒன்பது கூடுகள் வைத்து நடத்துகிறார். நாங்கள் வாயைத் திறக்க முதல் அவர் கேட்டது தடுப்பூசி அட்டையை. அதுவே எனக்குப் பாதி நம்பிக்கையைத் தந்தது. அட்டை கேட்காத இடத்தில் உங்கள் நாய்க்குப் பக்கத்துக் கூட்டில் என்ன நோயோடு எந்த நாய் இருக்கும் என்று சொல்ல முடியாது.

நாங்கள் அவரிடம் கேட்ட கேள்விகளைச் சொல்கிறேன், நீங்களும் கேட்கலாம். இரவில் ஆள் நிற்பாரா? கூடுகளுக்கு இடையில் மறைப்பு இருக்கிறதா? நாய் சாப்பிடாவிட்டால் எத்தனை நேரம் பார்த்துவிட்டு அறிவிப்பீர்கள்? வருத்தம் வந்தால் எந்த மிருக வைத்தியரிடம் கொண்டுபோவீர்கள்? கேற் ஒன்றா இரண்டா? இந்தக் கடைசிக் கேள்வி பயந்த நாய்களுக்கு மிக முக்கியம். பயந்த நாய் சண்டைக்குப் போவதைவிட ஓடித் தப்பத்தான் பார்க்கும். ஒரு கேற்றை மூடிய பிறகுதான் அடுத்த கேற்றைத் திறக்கிற இடமாக இருந்தால் அந்த ஓட்டம் றோட்டில் முடியாது. கழுத்துப்பட்டியிலிருந்து பின்வாங்கித் தலையை உருவிக்கொள்வதிலும் இப்படியான நாய்கள் கெட்டித்தனம். அதனால் வீமனுக்கு நெஞ்சையும் சுற்றிப் போடுகிற பட்டி வாங்கினோம். பட்டியில் எங்கள் தொலைபேசி இலக்கத்தையும் அங்கிளின் இலக்கத்தையும் பொறித்த தகடு.

பிறகு மிருக வைத்தியர். விசர்நாய்க்கடி நோய்க்கான ஊசி ஏற்கெனவே போட்டிருந்தது. டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் என்பவற்றுக்கான கூட்டு ஊசியின் வருடாந்தத் தவணை நெருங்கியிருந்தது. அதை அப்போதே போட்டோம். ஊசி போட்ட அன்றைக்கே பாதுகாப்பு வந்துவிடாது, உடம்பு எதிர்ப்புச் சக்தியை உருவாக்க நாட்கள் எடுக்கும். ஆகவே இதைக் கடைசிக் கிழமைக்குத் தள்ளி வைக்கக்கூடாது. நாய்கள் கூடி இருக்கிற இடங்களில் தொற்றுகிற இருமல் ஒன்று உண்டு, அதற்கும் ஊசி இருக்கிறது. உண்ணிக்கான மருந்தும் முக்கியம். எங்கள் நாட்டு வெக்கைக்கு உண்ணி வருடம் முழுக்கப் பெருகும், உண்ணியால் வருகிற காய்ச்சல் நாயின் உயிரைக்கூட எடுக்கும்.

நித்திரைக் குளிசை ஒன்று கொடுத்து விட்டால் என்ன என்று அப்பா கேட்டார். வைத்தியர் சொன்ன பதில் எனக்குப் பயனாக இருந்தது. சில மயக்க மருந்துகள் உடம்பை அசையவிடாமல் செய்யும், ஆனால் பயம் உள்ளே அப்படியே இருக்கும். நாய் பேசாமல் கிடக்கிறதே என்று நாங்கள் நிம்மதியடைவோம், அதற்கு நிம்மதி இருக்காது. பயத்தையே குறைக்கிற வேறு மருந்துகள் உண்டு. தேவைப்பட்டால் அவற்றை முதலில் வீட்டில் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியில் பயன்படுத்த வேண்டும். மனிதருக்கான குளிசைகளைக் கைக்கு வந்தபடி கொடுக்கவே கூடாது. வீமனுக்கு முதலில் பழக்கிப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம்.

ஜூலைக் கடைசியில் பயிற்சி தொடங்கியது. முதல் சிக்கல் பிலியந்தலைக்கு முதலே வந்தது. வீமனுக்கு ஓட்டோவும் பயம். தெரிந்த ஓட்டோக்கார அண்ணா ஒருவரைப் பிடித்தோம். முதல் நாள் இஞ்சினை நிப்பாட்டிய ஓட்டோவுக்குள் கோழி ஈரல். அடுத்த நாள் ஓடுகிற இஞ்சின், நகராத ஓட்டோ, ஈரல். பிறகு ஒழுங்கை முடிவு வரை போய் வருதல். நாலாம் நாள் தானாகவே ஏறி நடுவில் குந்திவிட்டான். "இனி உவருக்குத்தான் முன்னால இடம் குடுக்கோணும்" என்றார் அண்ணா.

முதல் கிழமை பிலியந்தலைக்குப் போய்க் கேற்றுக்கு வெளியே மட்டும் நின்றோம். ஈரல் சாப்பிட்டான், மணந்தான், திரும்பி வந்தோம். உள்ளே போகவே இல்லை. இரண்டாம் கிழமை முற்றம் வரை. அங்கிள் அவனைப் பார்க்காமல், பக்கவாட்டில் குந்தியிருந்து, ஈரலைத் தனக்குப் பின்னால் போட்டுக்கொண்டிருந்தார். நேராக வந்து குனிந்து தலையைத் தடவுகிற அன்பைப் பயந்த நாயால் தாங்க முடியாது. வீமன் தானாக வந்து அவருடைய முதுகை மணந்து பார்த்தான்.

மூன்றாம் கிழமை கூட்டுக்குள், கதவு திறந்தபடி, வீட்டிலிருந்து கொண்டுபோன அவனுடைய சாக்கில். அந்த நேரம் பார்த்து அடுத்த கூட்டில் ஒரு பெரிய நாய் குரைத்தது. வீமன் உறைந்துபோனான். வால் வயிற்றுக்குக் கீழே, காது பின்னால், கண்ணின் வெள்ளை தெரிகிறது, நாக்கால் மூக்கை நக்கி நக்கி எடுக்கிறான். நித்திரை வராமலே கொட்டாவி. உயிராகத் தின்கிற ஈரலை மூக்கடியில் நீட்டியும் எடுக்கவில்லை. நாய் ஒன்றின் பயத்தை அளக்க வீட்டில் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல அளவுகோல் இல்லை: பிடித்த சாப்பாட்டைத் திரும்பியும் பார்க்காவிட்டால், நாங்கள் அதன் எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று அர்த்தம். அன்றைக்கு அத்தோடு நிறுத்தினோம். அடுத்த தடவை மறுபடி முற்றத்தில் இருந்து தொடங்கி, மற்ற நாய்கள் குறைவான நேரத்தில் போய், மூலைக் கூட்டைக் கேட்டு எடுத்தோம்.

கட்டடத்தில் உள்ள ஒரு அன்ரி அம்மாவிடம், "பயப்பிடேக்க அணைச்சுத் தடவாதேங்கோ, இன்னும் பழுதாப்போகும்" என்று சொன்னாவாம். இது பலரும் நம்புகிற விசயம், ஆனால் சரியில்லை. இருக்கச் சொன்னால் இருக்கிறது மாதிரிப் பயம் ஒரு செயல் இல்லை, பரிசு கொடுத்தால் கூடுவதற்கு. அது ஒரு உணர்ச்சி. இடிக்குப் பயந்த குழந்தையை அணைத்தால் அதற்கு இடிப்பயம் கூடாது. நாய் உங்களிடம் ஒதுங்கி வந்தால் ஆறுதல் கொடுக்கலாம். 1998 இல் புடாபெஸ்டில் யோஷெஃப் தோபால் என்ற ஆய்வாளரும் கூட வேலை செய்தவர்களும் குழந்தைகளுக்கும் தாய்மாருக்கும் இடையிலான பிணைப்பை அறியச் செய்கிற ஒரு சோதனையை நாய்களோடு செய்து பார்த்தார்கள். வளர்ப்பவர் பக்கத்தில் இருக்கும்போது நாய்கள் புதிய அறையைத் துணிவாகச் சுற்றிப் பார்த்தன, விளையாடின. அந்நியரோடு விட்டுப் போனபோது கதவடியில் போய் நின்றன. அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். "இதை ஆராயவும் வேணுமே" என்றா.

நாலாம் கிழமை நாங்கள் அவன் பார்வையை விட்டு மறையத் தொடங்கினோம். முதலில் ஐந்து நிமிசம். பிறகு அரை மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம். ஒவ்வொரு முறையும் போகும்போது ஒரே சொல். எங்கள் வீடுகளில் வெளிக்கிடும்போது "போறன்" என்று சொல்ல விடமாட்டார்கள், "போட்டு வாறன்" என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டில் குப்பை போடப் போகும்போதும் கடைக்குப் போகும்போதும் அம்மா வீமனிடம் அதைச் சொல்லுவா. அங்கேயும் அதையே சொல்லத் தீர்மானித்தோம். முதல் தடவை அதைச் சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. நான்தான் சொன்னேன். மூன்றாம் தடவை அம்மா சொன்னா. ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தோம்.

சாப்பாட்டையும் அந்தக் கிழமைகளில் மாற்றினோம். வீமன் வீட்டில் சோறும் மீனும். அங்கே சோறும் கோழியும். பயமும் புதுச் சாப்பாடும் ஒரே நாளில் சேர்ந்தால் வயிறு கட்டாயம் குழம்பும். ஆகவே மீனைக் குறைத்துக் கோழியைக் கூட்டி, போகிற நேரத்துக்கு அவன் முழுதாகக் கோழிக்குப் பழகியிருந்தான்.

பாசைதான் அடுத்தது. வீமனுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். அங்கிளுக்குத் தமிழ் தெரியாது. என் சிங்களம் ஓட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் போதுமானது. ஒரு கடதாசியில் வீமனுக்குத் தெரிந்த சொற்களைச் சிங்கள எழுத்தில் எழுதி, பக்கத்தில் அர்த்தத்தையும் எழுதினேன். வா. இரு. விடு. சாப்பாடு. கடைசியில் அம்மா ஒன்று சேர்க்கச் சொன்னா: "ஒண்டுமில்லை." இடி இடிக்கும்போது அம்மா அவனுக்குச் சொல்லுகிற சொல். அங்கிள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். "ஒண்டுமில்லை" அவருடைய நாக்கில் புரள்வதற்கு நேரம் எடுத்தது. கடதாசியை மூலைக் கூட்டுக்கு மேலே ஒட்டிவிட்டார்.

ஐந்தாம் கிழமை ஒரு முழுப் பகல். ஆறாம் கிழமை ஒரு இரவு. அந்த இரவு அம்மா நித்திரை கொள்ளவில்லை. காலை ஏழு மணிக்குப் போனோம். வீமன் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை, ஆனால் விடியச் சாப்பிட்டிருந்தான். எங்களைக் கண்டதும் கத்திச் சுழன்றான், பிறகு ஓடிப்போய் அங்கிளையும் ஒரு தரம் மணந்துவிட்டு வந்தான். ஓட்டோவில் வரும்போது அம்மா, "ரிக்கெற் இப்ப என்ன விலை?" என்று கேட்டா.

செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை கொண்டுபோய் விட்டோம். சாமான்கள்: அவனுடைய சாக்கு, சாப்பாட்டுக் கோப்பை, தடுப்பூசி அட்டையின் பிரதி, அம்மா இரண்டு இரவு உடுத்துத் தோய்க்காமல் வைத்த பழைய நைட்டி ஒன்று. நைட்டிக்கும் காரணம் உண்டு. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பேர்ன்ஸ் குழுவினர் நாய்களை ஸ்கான் இயந்திரத்துக்குள் விழித்தபடி அசையாமல் படுக்கப் பழக்கி, வெவ்வேறு மணங்களை முகரவிட்டார்கள். 2015 இல் வெளியான அந்த ஆய்வில், நல்ல விசயங்களை எதிர்பார்க்கும்போது இயங்குகிற மூளைப் பகுதி, பழகிய மனிதரின் மணத்துக்கே மிகக் கூடுதலாக இயங்கியது. அந்த மனிதர் அவ்விடத்தில் இல்லாதபோதும்.

விடைபெறுதலைச் சுருக்கமாக வைக்க வேண்டும். நாங்கள் அழுது கட்டிப்பிடித்தால் ஏதோ ஆபத்து என்று நாய் விளங்கிக்கொள்ளும். அங்கிள் அவனுக்கு ஒரு எலும்பைக் கொடுத்தார். அம்மா வழமையான குரலில், "போட்டு வாறம், வீமன்" என்றா. இரண்டு கேற்றும் மூடிய பிறகு, ஓட்டோவுக்குள் ஏறித்தான் அழுதா.

முதல் நாள் அவன் ஒன்றும் சாப்பிடவில்லை. இரண்டாம் நாள் பின்னேரம் கொஞ்சம். 1997 இல் மைக்கல் ஹெனெசியும் குழுவினரும் அமெரிக்கக் காப்பகம் ஒன்றில் நாய்களின் இரத்தத்தில் கோர்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹோர்மோனை அளந்தார்கள். வந்து சேர்ந்த முதல் மூன்று நாட்களில்தான் அது மிக உயர்வாக இருந்தது. இது தெரிந்திருந்ததால் நான் பதறாமல் இருந்தேன். அங்கிளோடு ஒரு ஒப்பந்தம்: ஒரு நாளைக்கு ஒரு வட்ஸ்அப் செய்தி, ஒரு படம். எங்கள் குரலை அவனுக்குக் கேட்கவைப்பதில்லை. நாலாம் நாள் படத்தில் வயிற்றைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தான்.

நாங்கள் நினையாத ஒன்று கிரிக்கெற். ஆசியக் கிண்ணம் நடந்துகொண்டிருந்தது. செப்டம்பர் 14 இரவு பாகிஸ்தானுடனான ஆட்டத்தில் இலங்கை கடைசிப் பந்தில் வென்று இறுதியாட்டத்துக்குப் போனது. சென்னையில் அந்த முடிவைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா துள்ளி எழும்பினார், அடுத்த நொடி என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நினைப்பு: வெடி. அடுத்த நாள் விடிய அங்கிளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. அயலெல்லாம் வெடி கொளுத்தினார்கள், வீமன் மூலையில் நடுங்கினான், நான் கூட்டுக்குள் போய்ப் பக்கத்தில் இருந்தேன், இப்போது நித்திரை, பயப்படாதே துவ என்று சிங்களத்தில் சொல்லியிருந்தார். அதோடு இரவு எடுத்த சின்ன ஒலிப்பதிவு ஒன்று. தூரத்தில் வெடிச்சத்தம். கிட்டத்தில் அவருடைய குரல், "ஒண்டுமில்ல... ஒண்டுமில்ல..."

அம்மா அதைச் சித்திக்குப் போட்டுக் காட்டினா. சித்தி கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு, "ஜிம்மிக்கும் ஷெல் சத்தத்துக்கு இப்பிடித்தானே அக்கா நடுங்கும்" என்றா. இருபத்தெட்டு வருடத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஜிம்மியைப் பற்றிக் கதைத்தது அன்றைக்குத்தான். அம்மா, கட்டினபடியே விட்டு வந்ததைச் சொன்னா. சித்தி இல்லை என்றா. தான் சைக்கிளை எடுக்கத் திரும்பி வந்தபோது சங்கிலியைக் கழற்றிவிட்டதாகவும், ஜிம்மி ஒழுங்கை முடிவு வரை பின்னால் வந்து நின்றதாகவும் சொன்னா. அம்மாவின் நினைவில் அது கிணற்றடித் தூணில் கட்டியபடி நிற்கிறது. சித்தியின் நினைவில் ஒழுங்கையில் நிற்கிறது. எது நடந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அன்றிரவு இரண்டு பேரும் விடியுமட்டும் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

18 ஆம் திகதி காலை வந்து இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேரே பிலியந்தலைக்குப் போனோம். வீமன் கொஞ்சம் மெலிந்திருந்தான். வீட்டுக்கு வந்து நிறையத் தண்ணி குடித்தான், இரண்டு நாள் நித்திரை கொண்டான், ஒரு நாள் வயிற்றால் போனது. ஒரு கிழமைக்கு அம்மா குளியலறைக்குப் போனாலும் வாசலில் வந்து படுத்தான். இதெல்லாம் எதிர்பார்க்க வேண்டியவை. அந்த நாட்களில் விருந்தாளி, புது இடம், குளிப்பாட்டுதல் ஒன்றும் வைக்காமல் வழமையான சாப்பாடும் நடையும் மட்டும் கொடுத்தால் தானாகவே தணிந்துவிடும். இரண்டு நாளுக்கு மேல் வயிற்றால் போனாலோ, இருமல் தொடங்கினாலோ, சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தாலோ உடனே மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

வீமன் துணிச்சலான நாயாக மாறிவிடவில்லை. குக்கர் விசிலடித்தால் இன்றைக்கும் கட்டிலுக்குக் கீழேதான். ஓட்டோவுக்குக் கொடுத்த காசு பத்து நாள் தங்குமிடச் செலவைவிடக் கூட. நேரமும் நிறையப் போனது. எல்லாருக்கும் ஆறு கிழமை கிடைக்காது என்பதும் தெரியும். உங்களுக்கு இரண்டு கிழமைதான் இருந்தால், ஒரு பகலாவது, ஒரு இரவாவது முன்னதாக விட்டு எடுத்துப் பாருங்கள். முடிந்தால் பயணம் எதுவும் இல்லாத காலத்திலேயே தொடங்குங்கள். ஆஸ்பத்திரி, மரணவீடு என்று திடீரென்று ஓட வேண்டி வருகிற நாளில் பழக்குவதற்கு நேரம் இருக்காது.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வீமன் ஒரு இரவு பிலியந்தலையில் நிற்கிறான். நாங்கள் எங்கும் போவதில்லை, பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக மட்டும். கொண்டுபோய் விடுவதும் அடுத்த நாள் போய்க் கூட்டிவருவதும் அம்மாவின் பொறுப்பு. அந்த வேலையை அவ வேறு யாரிடமும் கொடுப்பதில்லை.